உலகில் மிகப் புகழ்பெற்றவர் யார்: எந்த அளவுகோலை ஏற்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் நடத்தும் வார இறுதித் தமிழ் வகுப்பின் மூத்த மாணவர்களுக்கான பேச்சுப் போட்டிக்கு, ‘உலகிலேயே மிகப் புகழ்பெற்ற மனிதர் யார்?’ என்னும் தலைப்பு இவ்வாண்டு முன்மொழியப்பட்டுள்ளது. தலைப்பு மாணவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் ஒருவர் ரொனால்டோ என்றும், மற்றொருவர் மண்டேலா என்றும், மூன்றாமவர் இயேசு என்றும் வாதிட்டால், நடுவர்கள் எதைக் கொண்டு தீர்ப்பளிப்பது என்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. அளவுகோலை வகுக்காமல் போட்டியை நடத்தினால், நன்றாகப் பேசியவர் வெல்வாரே தவிர, நன்றாக ஆராய்ந்தவர் வெல்லமாட்டார். ஆகவே வழக்கத்தில் உள்ள அளவுகோல்களை ஒப்பிட்டுப் பார்த்து, எதை ஏற்கலாம் என்னும் என் கருத்தை இங்கே முன்வைக்கிறேன்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அறியப்படுவது வேறு, போற்றப்படுவது வேறு, உலகை மாற்றுவது வேறு. ஹிட்லரின் பெயரைக் கோடிக்கணக்கானோர் அறிவர். அவரைப் போற்றுவோர் மிகச் சிலர். 1928இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங்கினால் உயிர் பிழைத்தோர் எண்ணற்றோர். அவர் பெயரைச் சொல்லக்கூடியவர்களைத் தெருவில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ‘மிகப் புகழ்பெற்றவர்’ என்றவுடன் ‘மிகச் சிறந்தவர்’ என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வது இயல்பு. அந்த வழியில் சென்றால் போட்டி ஒழுக்கம் பற்றிய விவாதமாக மாறிவிடும். நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இன்று உலகில் வாழும் மக்களுள் எவரையேனும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தால், அவர் அறிந்திருக்க மிகுந்த வாய்ப்புள்ள மனிதர் யார்? எந்த அளவுகோலையும், அது இந்தக் கேள்விக்கு எவ்வளவு நெருங்கி வருகிறது என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

மாணவர்கள் முதலில் கையில் எடுப்பது சமூக ஊடகங்களில் பின்தொடர்பவர்களின் எண்ணிக்கை. அது எளிதில் கிடைக்கிறது, நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது, இருவரை ஒப்பிடுவதற்குக் கணக்கே தேவையில்லை. கால்பந்து வீரர் கிறிஸ்டியானோ ரொனால்டோ 2022 நவம்பரில் இன்ஸ்டகிராமில் 50 கோடிப் பின்தொடர்பவர்களைப் பெற்ற முதல் மனிதரானார். பின்னர் 60 கோடியையும் கடந்தார். 2024 செப்டம்பரில், எல்லாத் தளங்களையும் கூட்டினால் தமக்கு 100 கோடிப் பேர் இருப்பதாக அறிவித்தார். இந்த எண்கள் பெரியவைதாம். ஆயினும் உலக மக்கள்தொகை 2022 நவம்பரிலேயே 800 கோடியைத் தொட்டுவிட்டது. இன்ஸ்டகிராம் கணக்கு ஒவ்வொன்றும் ஒரு தனி மனிதரைக் குறிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பேர்தாம் அவரைப் பின்தொடர்கிறார்கள். பல தளங்களைக் கூட்டிய எண்ணிலோ ஒரே இரசிகர் மூன்று நான்கு முறை எண்ணப்படுகிறார். இவற்றைவிடப் பெரிய குறை வேறொன்று. பின்தொடர்வது விருப்பத்தைக் காட்டுகிறது, அறிந்திருப்பதைக் காட்டுவதில்லை. ரொனால்டோவை அறிந்தும் பின்தொடராதவர்கள் பின்தொடர்பவர்களைவிடப் பல மடங்கு இருப்பார்கள். அரசியல்வாதி ஒருவரை அறிந்தவர்களுள் பலர் அவரை வெறுக்கலாம்; மறைந்தவருக்குக் கணக்கே இராது. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 260 கோடிப் பேர் இணையமே பயன்படுத்தாதவர்கள். சீனத்தில் இன்ஸ்டகிராமும் பேஸ்புக்கும் தடை செய்யப்பட்டுள்ளன. உலகின் பாதிக்கு அருகில் கதவு சாத்தியிருக்கும் ஓர் இடத்தில் எடுத்த எண்ணிக்கையை உலகப் புகழின் கணக்காக ஏற்க இயலாது.

தேடுபொறியில் ஒருவர் பெயர் எத்தனை முறை தேடப்படுகிறது என்பது இன்னோர் அளவுகோல். இது வியப்பையும் செய்தியையும் அளக்கிறது. 2009 ஜூன் 25 அன்று மைக்கேல் ஜாக்சன் இறந்தபோது, ஒரே நேரத்தில் குவிந்த தேடல்களைக் கூகுள் நிறுவனத்தின் அமைப்புகள் இணையத் தாக்குதல் என்று கருதின. அந்த வாரத்தில் அவர் புகழ் திடீரெனப் பெருகிவிடவில்லை; ஏற்கெனவே இருந்த புகழ் ஒரு நாளில் வெளிப்பட்டது, அவ்வளவே. 1997 அக்டோபரில் தம் உலகச் சுற்றுப்பயணத்தின் கடைசி நிகழ்ச்சியை அவர் நம் டர்பன் நகரில்தான் நடத்தினார். அன்று இந்நகரில் அவரை அறியாதவர் இருந்திருப்பாரோ என்பது ஐயமே, ஆனால் அந்த நிலை எந்தத் தேடல் புள்ளிவிவரத்திலும் பதிவாகியிருக்காது. எல்லாராலும் நன்கு அறியப்பட்டவரை ஒருவரும் தேட வேண்டியதில்லை என்பதே இவ்வளவுகோலின் அடிப்படைக் குறைபாடு.

தொலைக்காட்சிப் பார்வையாளர் எண்ணிக்கையை மாணவர்கள் மேற்கோள் காட்டினால் நடுவர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2010 ஜூலை 11 அன்று ஜோகன்னஸ்பர்க் சாக்கர் சிட்டி அரங்கில் நடந்த கால்பந்து உலகக் கோப்பை இறுதியாட்டத்தை, வீட்டிலிருந்தபடி ஒரு நிமிடமேனும் பார்த்தவர்கள் ஏறத்தாழ 91 கோடி என்றும், ஆட்டம் முழுவதும் சராசரியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஏறத்தாழ 53 கோடி என்றும் ஃபிஃபா பின்னர் வெளியிட்டது. ஒரே நிகழ்ச்சிக்கு, ஒரே அமைப்பு வெளியிட்ட இரு எண்களுக்கு இடையிலேயே இவ்வளவு இடைவெளி. 1997இல் நடந்த இளவரசி டயானாவின் இறுதிச் சடங்கைப் பற்றிச் சொல்லப்படும் 250 கோடி போன்ற எண்கள், அளந்து பெற்றவை அல்ல, மதிப்பிட்டுச் சொன்னவை. 1988 ஜூனில் இலண்டன் வெம்பிளி அரங்கில் மண்டேலாவின் எழுபதாம் பிறந்தநாளுக்காக நடந்த இசை நிகழ்ச்சி 67 நாடுகளில் ஒளிபரப்பானது, 60 கோடிப் பேர் பார்த்தனர் என்பார்கள். அவருடைய சொந்த நாடாகிய இங்கே அது ஒளிபரப்பாகவில்லை. பார்வையாளர் கணக்கை மட்டும் நம்பினால், மண்டேலா தம் நாட்டில் அறியப்படாதவர் என்ற பொருந்தாத முடிவுக்கு வர நேரும்.

விக்கிப்பீடியாவில் ஒருவரைப் பற்றி எத்தனை மொழிகளில் கட்டுரை இருக்கிறது என்று எண்ணுவது மேற்சொன்ன மூன்றையும்விட மதிக்கத்தக்க முறை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகம் 2014இல் வெளியிட்ட ‘பாந்தியன்’ என்னும் திட்டம், 25க்கும் மேற்பட்ட மொழிகளில் கட்டுரை உடையவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்கள் வாழ்ந்து எத்தனை காலமாயிற்று, ஆங்கிலம் அல்லாத மொழிகளில் எவ்வளவு படிக்கப்படுகிறார்கள் என்பவற்றையும் சேர்த்து ஒரு குறியெண் கணித்தது. முதற்பதிப்பில் அரிஸ்டாட்டிலும் பிளேட்டோவும் முதல் இரண்டு இடங்களில் வந்தனர். இந்த முறையின் நன்மை, மொழி எல்லையைக் கடந்த புகழுக்கு அது மதிப்பளிக்கிறது என்பதாகும். ஒரே நாட்டில் கொண்டாடப்படும் நடிகர் பலகோடி இரசிகர்களை வைத்திருந்தாலும் இதில் உயர முடியாது. குறை என்னவென்றால், விக்கிப்பீடியாவில் எழுதுவோர் உலக மக்களைப் போன்றவர்கள் அல்லர். அவர்கள் படித்தவர்கள், நேரம் உள்ளவர்கள், நூலகத்தில் கற்ற பெயர்களை நினைவில் வைத்திருப்பவர்கள். அரிஸ்டாட்டிலைப் பற்றி எல்லா மொழிகளிலும் எழுதப்பட்டிருக்கலாம். டர்பனின் வார்விக் சந்தையில் காய்கறி விற்கும் ஒருவர் அந்தப் பெயரைக் கேட்டிருப்பார் என்று நான் எதிர்பார்க்கமாட்டேன்.

மேலும், மொழிகளின் எண்ணிக்கையைச் செயற்கையாகக் கூட்ட முடியும். பிலிப்பைன்ஸில் பேசப்படும் செபுவானோ மொழி விக்கிப்பீடியாவின் பல இலட்சம் கட்டுரைகள் கணினி நிரலால் உருவாக்கப்பட்டவை. அதிகம் அறியப்படாத ஓர் இசையமைப்பாளரைப் பற்றி 300க்கும் மேற்பட்ட மொழிகளில் கட்டுரைகள் இருந்ததும், அவை திட்டமிட்டு ஏற்றப்பட்டவை என்பதும் 2025இல் வெளிவந்தன. அந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்த ஒருவர், உலகத் தலைவர்களையெல்லாம் விட அவரே புகழ்பெற்றவர் என்று முடிவு செய்திருப்பார். ஆகவே இந்த முறையை, போட்டிக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய பெயர்களின் முதற்பட்டியலைத் தயாரிக்க மட்டும் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. தீர்ப்புச் சொல்ல அது போதாது.

வாக்கெடுப்பு என்றாலே மக்களின் குரல் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. நம் நாட்டு அனுபவமே அதற்குத் தக்க எச்சரிக்கையாகும். 2004இல் எஸ்ஏபிசி 3 தொலைக்காட்சி, மாபெரும் தென்னாப்பிரிக்கர் யார் என்று தொலைபேசி, குறுஞ்செய்தி, இணையம் ஆகியவற்றின் வழியே நேயர்களை வாக்களிக்கச் செய்தது. மண்டேலா முதலிடம் பெற்றார். காந்தியடிகள் நான்காம் இடத்தில் வந்தார். ஆனால் இனவொதுக்கல் கொள்கையை வடிவமைத்தவர்களுள் முதன்மையானவரான ஃபெர்வூர்ட் 19ஆம் இடத்தில் இருந்தார். விடுதலைக்காகப் போராடி 1993இல் சுட்டுக்கொல்லப்பட்ட கிறிஸ் ஹானி அவருக்கும் கீழே தள்ளப்பட்டார். நாட்டின் பெரும்பான்மை மக்கள் அப்படி நினைத்தார்கள் என்று எவரும் நம்பமாட்டார்கள். தொலைபேசியும் இணையமும் யார் கையில் இருந்தனவோ அவர்களுடைய கருத்தே பட்டியலாக வெளிவந்தது. கண்டனம் எழுந்து தொடர் இடையில் கைவிடப்பட்டது. 1999இல் பிபிசி இணையத்தளம் நடத்திய வாக்கெடுப்பில், ஆயிரமாண்டின் மிகச் சிறந்த நடிகராக அமிதாப் பச்சன் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் பெருங்கலைஞர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்த முடிவு, எவர் ஆர்வத்துடன் வந்து வாக்களித்தார்கள் என்பதையே முதன்மையாகச் சொல்கிறது. தாமாக முன்வருவோரைக் கொண்டு நடத்தப்படும் எந்த வாக்கெடுப்பையும் நம் போட்டியில் சான்றாக ஏற்கக் கூடாது.

விருதுகள், சிலைகள், அஞ்சல்தலைகள், ஐக்கிய நாடுகள் அவை அறிவிக்கும் நாள்கள் ஆகியவை நீண்ட ஆய்வுக்கு உரியவை அல்ல. அக்டோபர் 2 அகிம்சை நாளாக 2007இலும், ஜூலை 18 மண்டேலா நாளாக 2009இலும் அறிவிக்கப்பட்டன. இவை அரசுகள் அளித்த மரியாதை. மக்கள் அறிந்திருப்பதன் அளவு அல்ல.

எஞ்சியிருப்பது, மக்களை முறையாகத் தேர்ந்தெடுத்து நேரில் கேட்கும் கணிப்பு. அமெரிக்காவில் 1963 முதல் வழங்கிவரும் ‘கியூ’ மதிப்பெண் முறை இதற்கு ஒரு நல்ல அடிப்படையைத் தருகிறது. அது ஒருவரை எத்தனை பேர் அறிந்திருக்கிறார்கள் என்பதையும், அறிந்தவர்களுள் எத்தனை பேர் அவரை விரும்புகிறார்கள் என்பதையும் தனித்தனியே கேட்கிறது. இந்தப் பிரிப்பு இல்லாத கணிப்புகள் நமக்கு உதவுவதில்லை. யூகவ் நிறுவனம் 2021இல் 38 நாடுகளில் நடத்திய கணிப்பில் பராக் ஒபாமா மிகவும் மதிக்கப்படும் ஆண் என்று வந்தார்; மதிப்புக் கணிப்பில் வெறுக்கப்படும் தலைவர் எவ்வளவு அறியப்பட்டிருந்தாலும் பின்தங்கிவிடுவார்.

நேரில் கேட்பது என்று முடிவு செய்த பிறகும், எதைக் கேட்பது என்பது எளிய கேள்வி அன்று. பெயரைச் சொல்லி ‘தெரியுமா?’ என்று கேட்பதா, படத்தைக் காட்டுவதா? இங்கே மண்டேலாவின் வாழ்க்கையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1962 ஆகஸ்டு 5 அன்று ஹோவிக் அருகே அவர் கைது செய்யப்பட்டார். 1964இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டார். சிறைவாசிகளின் படங்களை வெளியிடுவதற்குச் சட்டத் தடை இருந்ததால், இந்நாட்டில் ஒரு தலைமுறையே அவருடைய முகத்தைக் காணாமல் வளர்ந்தது. வெளிநாட்டு ஊர்வலங்களில் உயர்த்திப் பிடிக்கப்பட்ட படங்களும் அறுபதுகளில் எடுக்கப்பட்டவையே. 1990 பிப்ரவரி 11 அன்று அவர் சிறைவாயிலைக் கடந்து நடந்து வந்தபோது, உலகமே அறிந்த ஒரு பெயருக்கு உரியவரின் அன்றைய முகத்தை மக்களுள் பெரும்பாலோர் அப்போதுதான் கண்டார்கள். 1989இல் படத்தை மட்டும் காட்டிக் கணிப்பு நடத்தியிருந்தால் அவர் தோற்றிருப்பார். பெயரை மட்டும் கேட்டிருந்தால் மிக உயர்ந்த இடத்தில் இருந்திருப்பார். இதற்கு மறுதலையாக, பேசாப் படங்களின் காலத்தில் சார்லி சாப்ளினின் தொப்பியையும் கைத்தடியையும் எந்த மொழி பேசுவோரும் அடையாளம் கண்டனர். பெயரைச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் அத்தனை பேர் இருந்திருக்க வேண்டியதில்லை. முகம்மது நபியைப் படமாக வரைவதை இசுலாமியர் பெரும்பாலும் ஏற்பதில்லை. படத்தேர்வு ஒன்றை மட்டுமே நடத்தினால், ஏறத்தாழ 200 கோடி மக்களின் நெஞ்சில் இருக்கும் ஒருவரை நாம் தொடக்கத்திலேயே விலக்கிவிடுவோம். எனவே பெயரையோ முகத்தையோ, இரண்டுள் ஒன்றை அறிந்திருந்தாலும் ஏற்றுக்கொள்வதே நேர்மை. அதனுடன் அவரைப் பற்றிய ஒரு சரியான செய்தியையும் கேட்க வேண்டும். ‘காந்தி’ என்ற பெயர் இந்திரா காந்தியை நினைவூட்டியிருக்கலாம், ‘முகம்மது’ என்பது பக்கத்து வீட்டுக்காரரின் பெயராகவும் இருக்கலாம்.

கணிப்பில் இன்னொரு பாதுகாப்பும் வேண்டும். தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, தெரியும் என்று தலையாட்டுவது மனித இயல்பு. ஆகவே உண்மையில் இல்லாத மனிதர்களின் பெயர்கள் இரண்டு மூன்றைப் பட்டியலில் கலந்து வைக்க வேண்டும். அந்தப் பொய்ப் பெயர்களையும் அறிந்ததாகச் சொல்பவர்களின் விடைகளைத் தனியே ஒதுக்கிவிடலாம்.

தலைகளை எண்ணுவதா, பரவலைப் பார்ப்பதா என்பதே இவ்வொப்பீட்டில் மிகக் கடினமான இடம். இந்தியாவும் சீனமும் சேர்ந்தால் உலக மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இவ்விரு நாடுகளிலும் அனைவரும் அறிந்த, வெளியே எவரும் அறியாத ஒருவர் இருப்பாரானால், எல்லா நாடுகளிலும் நான்கில் ஒருவருக்குத் தெரிந்த மனிதரை அவர் எண்ணிக்கையில் வென்றுவிடுவார். அவரை உலகப் புகழ் பெற்றவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்கப் பாடகர் ரொட்ரிகெஸ் தம் நாட்டில் ஏறக்குறைய யாருக்கும் தெரியாதவராக வாழ்ந்தபோது, தென்னாப்பிரிக்காவில் அவர் பாடல்கள் வீடுதோறும் ஒலித்தன; அவர் இறந்துவிட்டார் என்றுகூட இங்கே நம்பப்பட்டது. 1998இல் அவர் நேரில் வந்து பாடியபோது அரங்குகள் நிரம்பி வழிந்தன. அக்காலத்தில் இந்நாட்டை மட்டும் பார்த்து அவர் புகழை அளந்தவர் பெரிதும் ஏமாந்திருப்பார். நமக்கும் இதே ஆபத்து உண்டு. 1893இல் காந்தியடிகள் தொடர்வண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையமும், 1904இல் அவர் நிறுவிய பீனிக்ஸ் குடியிருப்பும் நம் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலா செல்லும் இடங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயரைத் தமிழ் வகுப்பில் ஒவ்வோராண்டும் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் நம் வீட்டில் ஒலிக்கும் பெயர்கள் உலகெங்கும் ஒலிக்கின்றன என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. ஆகவே முதலில் ஒரு தகுதி வரம்பை வைத்து, குறிப்பிட்ட பங்கினரேனும் ஒவ்வொரு கண்டத்திலும் அறிந்திருக்க வேண்டும் என்று கொண்டு, அந்த வரம்பைக் கடந்தவர்களுக்குள் தலைகளை எண்ணலாம். அந்தப் பங்கு மூன்றில் ஒன்றாக இருக்கலாம் என்பது என் பரிந்துரை.

உலகம் முழுவதும் கணிப்பு நடத்த ஒரு வார இறுதி வகுப்பால் இயலாது என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் டர்பன் நகரே பல நாட்டு மக்கள் வாழும் இடம். சூலு, கோசா மக்களுடன் காங்கோ, சோமாலியா, எத்தியோப்பியா, மலாவி, நைஜீரியா, பாகிஸ்தான், சீனம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களும் இங்கே கடை வைத்திருக்கிறார்கள், வேலை செய்கிறார்கள். மாணவர்கள் தம் உறவினர்களையும் கோயிலுக்கு வருவோரையும் கேட்டுப் பட்டியலை நிரப்புவதைத் தவிர்த்து, இவர்களை அணுகினால், முழுமையான கணிப்பு ஆகாவிட்டாலும் பின்தொடர்பவர் எண்ணிக்கையைவிட உண்மைக்கு அருகில் வரும் விடை கிடைக்கும். 2022ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் 8.7 விழுக்காட்டினரே, சூலு பேசுவோர் 24.4 விழுக்காட்டினர். ஆங்கிலத்தில் மட்டும் கேட்கும் மாணவர், கேட்கத் தொடங்கும் முன்பே பெரும்பாலோரை விலக்கிவிடுகிறார்.

வாழ்பவர்களையும் மறைந்தவர்களையும் ஒரே பட்டியலில் வைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மறைந்தவர்களுக்குச் சமயமும் பாடநூலும் துணை நிற்கின்றன. வாழ்பவர்களுக்குச் செய்தியும் விளையாட்டும் துணை நிற்கின்றன. மறைந்தவர் பட்டியலில் இயேசு முதலிடம் பெறுவார் என்று நான் எதிர்பார்க்கிறேன். உலகில் கிறித்தவர்கள் ஏறத்தாழ 230 கோடிப் பேர்; குர்ஆனில் அவர் இறைத்தூதராக வருவதால் ஏறத்தாழ 200 கோடி முசுலிம்களும் அவரை அறிவர். இவ்விரு சமயத்தினர் மட்டுமே உலகில் பாதிக்கு மேல். இப்படி இரு பெருஞ்சமயங்களின் துணை உள்ளவர் மிகச் சிலரே. வாழ்பவர்களுள் போட்டி டொனால்டு டிரம்புக்கும் ரொனால்டோவுக்கும் இடையில் இருக்கும். உலக மக்களுள் நான்கில் ஒருவர் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர். அவர்களிடம் ரொனால்டோ முந்துவார். கால்பந்தைப் பாராத முதியவர்களிடமும், கால்பந்தைவிடக் கிரிக்கெட் ஓங்கியிருக்கும் தெற்காசியச் சிற்றூர்களிலும் டிரம்ப் முந்துவார் என்று கருதுகிறேன். மொத்தத்தில் டிரம்புக்கே சற்று முன்னிலை இருக்கும் என்பது என் கணிப்பு. இதை எதிர்த்து வாதிட விரும்பும் மாணவருக்குத் தடையேதும் இல்லை. அவர் கொண்டுவரும் சான்று, மக்களைக் கேட்டுப் பெற்றதாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

ஆசிரியர் கூட்டத்தில் நான் முன்வைக்கும் முடிவு வருமாறு. முதற்பட்டியலை விக்கிப்பீடியா மொழிகளின் எண்ணிக்கையிலிருந்து எடுப்போம்; அதில் ஐயத்துக்குரிய பெயர்களை ஆசிரியர்களே நீக்குவோம். பிறகு ஒவ்வொரு மாணவரும் தாம் தேர்ந்தெடுத்தவரை, பெயர், முகம், ஒரு செய்தி ஆகிய மூன்று கேள்விகளால் நகரின் வெவ்வேறு பகுதிகளில் சோதித்து, விடையளித்தவரின் வயதையும் பிறந்த நாட்டையும் குறித்துக்கொண்டு வர வேண்டும். விடையளித்தவரின் பெயரைக் குறிக்க வேண்டாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட மாணவர்கள் சந்தைப் பகுதிக்குப் பெற்றோர் ஒருவருடன்தான் செல்ல வேண்டும். கேள்வித்தாளைச் சூலு, சுவாஹிலி, பிரெஞ்சு, சீனம் ஆகிய மொழிகளிலும் தயாரிக்க வேண்டியிருப்பதால், அம்மொழிகள் அறிந்த பெற்றோரும் அண்டை வீட்டாரும் யார் யார் என்பதை அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வோர் ஆசிரியரும் விசாரித்து வந்தால், அன்றே மொழிபெயர்ப்பு வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம்.